அப்பா குரல் இருந்த சிடி: பழைய வட்டுகளை மீட்டு மறுபடி எழுதிய பதிவு

பெட்டியில் மொத்தம் 47 வட்டுகள். அவற்றில் 46-ஐப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மீதி ஒன்றின் மேல் தம்பியின் கையெழுத்தில் "அப்பா, கேசட், 2004" என்று எழுதியிருந்தது. அப்பா தன் சின்ன வயது நினைவுகளைக் கேசட்டில் பேசிப் பதிந்து வைத்திருந்தார். தம்பி அதைக் கணினிக்கு மாற்றி, 11 வேவ் (சுருக்காத ஒலி) ஃபைல்களாக, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய ஒரு சிடி-ஆரில் எழுதினான். பிறகு கேசட்டின் நாடா ஒட்டிக்கொண்டு வீணாகிவிட்டது. அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. ஆக, அப்பாவின் குரலுக்கு மிஞ்சிய ஒரே பிரதி இந்தச் சிடிதான்.

டிரைவில் போட்டேன். சுழலும் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரு நிமிடம் கழித்து, டிரைவில் வட்டே இல்லை என்று கணினி சொன்னது. வெளியே எடுத்து, மறுபடி போட்டேன். அதே கதை. தம்பிக்கு போன் செய்தேன். "அக்கா, அது அவ்வளவுதான். இருபது வருஷம் ஆச்சு, சாயம் போயிருக்கும்" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. சிடி-ஆரில் தகவலைத் தாங்குவது ஒரு கரிமச் சாயப் படலம். வெயிலிலும் சூட்டிலும் அது மெல்ல மெல்லக் கெடும். ஆனால் அடிப்பக்கத்தைப் பார்த்தபோது நிறம் ஒரே சீராகத்தான் இருந்தது, எங்கும் வெளுத்த வளையம் இல்லை. எனவே விட மனம் வரவில்லை. இரண்டு வாரம், மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்ததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இதேபோல் ஒரு பெட்டி உங்கள் அலமாரியிலும் இருக்கலாம்.

முதலில் சுத்தம். இதில் ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: துடைப்பது நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேர்கோட்டில் இருக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கவே கூடாது. வட்டில் தகவல் ஒரே ஒரு நீண்ட சுருள் பாதையாக, உள்ளிருந்து வெளியே போகிறது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரான் தூரம்தான். நேர்கோட்டில் ஒரு கீறல் விழுந்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமே போகும். பிழைதிருத்தும் குறியீடு அதை ஈடுகட்டிவிடும். சிடியின் பிழைதிருத்தம் பாதையில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து தகவல் போனாலும் அதை முழுமையாக மீட்கும். கீறல் பாதையோடு ஒட்டி வளைந்து போனால் அந்த 2.5 மில்லிமீட்டர் எளிதில் தாண்டிவிடும். துணியில் ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் போதும் அதற்கு. நான் முதலில் ஊதும் பம்பால் தூசியைத் தட்டினேன். அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி. விரல் ரேகை போகாத இடத்தில் மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்.

பலர் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சிடியில் உண்மையான ஆபத்து மேல்பக்கம். 1.2 மில்லிமீட்டர் தடிமனில் கிட்டத்தட்ட முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். சாயப் படலமும் அதன் மேல் உள்ள உலோகப் பூச்சும் பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டி, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கின்றன. அடியில் விழுந்த கீறலை மெருகேற்றிப் போக்கலாம். மேலே நகம் பட்டு உலோகப் பூச்சு உரிந்தால் அந்த இடத்துத் தகவல் போனதுதான். டிவிடியில் நிலைமை நல்லது, 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இரண்டுக்கு நடுவில் தகவல் பத்திரமாக இருக்கிறது. ப்ளூரேயில் தகவல் படிக்கும் பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதனால்தான் அதற்குக் கெட்டியான மேற்பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

சிடியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உலோகப் பூச்சில் ஓட்டை இருந்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். விளிம்பு அருகே மூன்று புள்ளிகள் தெரிந்தன. மனசு கொஞ்சம் கனத்தது. ஆனாலும் மூன்றுதான்.

பெட்டியில் இன்னொரு சிடியில் காகித ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு. அதை உரிக்கப் போனேன், நல்லவேளை நிறுத்தினேன். உரித்தால் பசையோடு உலோகப் பூச்சும் வந்துவிடும். தூக்கிய ஓரத்தை அப்படியே அமுக்கி, குறைந்த வேகத்தில் படித்து முடித்துவிட்டுத்தான் தொட்டேன். ஸ்டிக்கர் சமநிலையையும் கெடுக்கும். 52 மடங்கு வேகத்தில் ஒரு சிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 சுற்று சுற்றுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் காகிதம் கூடினாலே அதிர்வு வந்துவிடும்.

சரி, டிரைவுக்கு வருகிறேன். என்னிடம் இருந்தது மேசைக் கணினிக்குள் பொருத்திய முழு அளவு டிவிடி ரைட்டர் ஒன்று, யுஎஸ்பியில் மாட்டும் மெலிந்த டிரைவ் ஒன்று. மெலிந்ததில் லென்ஸ் டிரேயிலேயே வெளியே வரும். பஞ்சு முனையில் ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரு வட்டம் சுற்றினேன். லென்ஸ் நூல்போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் அது வளைந்துவிடும். பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது.

லென்ஸ் துடைத்த பிறகு இந்த டிரைவ் அப்பா சிடியை அடையாளம் கண்டது. ஃபைல் பட்டியல் வந்தது. 11 ஃபைல்கள், சுமார் 68 நிமிடம். பட்டியலைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உடனே முதல் ஃபைலைக் காப்பி செய்யப் போட்டேன். பத்து விநாடியில் டிரைவ் காணாமல் போனது. மறுபடி மாட்டினேன், மறுபடி போனது. சிடிதான் காரணம் என்று ஒரு மாலை முழுவதும் அதையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைப் பார்த்தால், யுஎஸ்பி இணைப்பே துண்டாகித் துண்டாகி வருகிறது. டிரைவை நான் மாட்டியிருந்தது மின் இணைப்பு இல்லாத ஒரு யுஎஸ்பி ஹப்பில், கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க்கும் கீபோர்டும் இருந்தன. யுஎஸ்பி 2.0 வாயில் ஒன்று 500 மில்லி ஆம்பியர்தான் தரும். மெலிந்த டிரைவ் சுழல ஆரம்பிக்கும்போது அதையே தாண்டக் கேட்கும். கணினியின் பின்பக்கம் நேராக மாட்டினேன், பிரச்சினை தீர்ந்தது. யுஎஸ்பி டிரைவ் பாதியில் நின்றால் வட்டைச் சந்தேகப்படும் முன் வயரைப் பாருங்கள்.

அடுத்தது, படிக்கும் முறை. ஃபைல் மேலாளரில் இழுத்துப் போட்டுக் காப்பி செய்வது நல்ல வட்டுக்குச் சரி. பழுதான வட்டில் அது முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிரைவ் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், சூடாகும், கடைசியில் பிழைச் செய்தி வரும். கெட்ட இடத்துக்குப் பின்னால் உள்ள நல்ல பகுதிகள் தொடப்படாமலே இருக்கும். அதனால் ஃபைல்களை மறந்துவிட்டு, முழு வட்டையும் செக்டர் செக்டராக (செக்டர் என்பது வட்டில் தகவலை அடுக்கும் சிறு கட்டம்) ஒரே இமேஜாக, அதாவது வட்டின் அச்சு நகலான ஒரே ஃபைலாக, எடுப்பதுதான் வழி. லினக்ஸில் குனு டிடிரெஸ்க்யூ என்ற நிரல் இதற்கென்றே இருக்கிறது. முதல் சுற்றில் கெட்ட இடம் வந்தால் தாண்டிப்போய், எளிதாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் வாரிக்கொள்ளும். அப்புறம் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும்.

அந்த மேப் ஃபைல்தான் என்னைக் காப்பாற்றியது. நடுவில் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம், கணினியை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, டிரைவை மாற்றலாம். ஒரு டிரைவின் லேசரும் சென்சாரும் தடுமாறும் இடத்தை இன்னொன்று சுலபமாகப் படித்துவிடும். ஒவ்வொரு டிரைவும் விட்டுவைத்த இடங்களை மட்டும் அடுத்த டிரைவ் நிரப்பிக்கொண்டே வரலாம். ஒரு தனி டிரைவால் முடியாததை மூன்று டிரைவ்கள் சேர்ந்து முடிக்கும். செக்டர் அளவை மட்டும் 2048 பைட் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். தகவல் சிடி, டிவிடி எல்லாவற்றுக்கும் அதுவே.

மெலிந்த டிரைவில் முதல் சுற்று முடிந்தபோது 412 செக்டர்கள் மிச்சம். வேகத்தை 4 மடங்காகக் குறைத்துச் சுரண்டவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. டிரைவ் சூடானதும் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடர்ந்தேன். 231 ஆனது, அதற்குக் கீழே இறங்கவில்லை. மேசைக் கணினியின் டிரைவ், முதல் நாள் இந்தச் சிடியைக் கண்டுகொள்ளாத அதே டிரைவ், ஊதும் பம்பால் லென்ஸைச் சுத்தம் செய்த பிறகு, மூன்றாவது முயற்சியில் ஏற்றுக்கொண்டது. அது 231-ஐ 38 ஆக்கியது! எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடைசியாகத் தம்பி தன் ப்ளூரே ரைட்டரைக் கொண்டுவந்தான். அது சிடியும் படிக்கும். ஒரு மாலை முழுக்க ஓடி, 9-இல் வந்து நின்றது. பத்து முறை திரும்பப் படிக்கச் சொல்லியும் அந்த 9 அசையவில்லை.

9 செக்டர் என்றால் 18,432 பைட். சிடி தரத்தில் பதிந்த ஒலி விநாடிக்கு 1,76,400 பைட். கணக்குப் போட்டால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 68 நிமிடத்தில் நாங்கள் இழந்தது அவ்வளவுதான்.

அந்த 9-உம் எந்த ஃபைலில் விழுந்தன என்று தெரிய வேண்டுமே. அதற்கும் டிடிரெஸ்க்யூவில் வழி இருக்கிறது. இமேஜின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் கிடைக்காத இடங்களை மட்டும் நாம் சொல்லும் ஒரு சொல்லால் நிரப்பச் சொல்லலாம். பிறகு இமேஜைத் திறந்து, எந்த ஃபைலில் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடினால் போதும். ஏழாவது ஃபைலில் மட்டும் வந்தது. ஓரிடத்தில் ஆறு, இன்னோரிடத்தில் மூன்று. மூன்று விழுந்தது அப்பா மூச்சு வாங்கும் இடைவெளியில். ஆறு விழுந்தது "ஓடினேன்" என்ற சொல்லின் நடுவில். கேட்டால் நாக்கு சற்று இடறியதுபோல்தான் இருக்கிறது.

தம்பி அன்று வேவ் ஆக எழுதியதால் இவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். பதினொன்றையும் ஒரே ஜிப்பாகச் சுருக்கி எழுதியிருந்தால், அந்தப் பத்தில் ஒரு விநாடிக்காக ஒரு முழுப் பதிவே திறக்காமல் போயிருக்கலாம். சுருக்காத, எளிய வடிவத்தில் உள்ள ஃபைல் காயம் பட்ட இடத்தில் மட்டும் காயப்படும். நெடுநாள் வைக்கும் வட்டில் நான் எதையும் ஜிப் செய்வதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

மற்ற 46-இல் பெரும்பாலானவை ஒரே சுற்றில் படித்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு வகைகள் மட்டும் தனியாகக் கற்றுத்தந்தன.

ஒன்று விசிடி. மூன்று இருந்தன. டிடிரெஸ்க்யூவில் போட்டால் ஆரம்பத்தில் கொஞ்சம் வந்து, அப்புறம் வரிசையாகப் பிழை. வட்டு பழுது என்று நினைத்தேன், காரணம் வேறு. விசிடியில் படம் இருக்கும் தடத்தில் ஒரு செக்டரில் 2048-க்குப் பதில் 2324 பைட் இருக்கும். தகவல் சிடியில் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு ஒதுக்கும் இடத்தையும் அங்கே படத்துக்கே கொடுத்திருக்கிறார்கள், ஒரு சின்னப் பிழை படத்தில் ஒரு கட்டமாகத் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று. அதனால் சாதாரண முறையில் இமேஜ் எடுக்க முடியாது. சிடியைச் செக்டருக்கு 2352 பைட் என்று மூலமாகவே எடுக்கும் சிடிஆர்டிஏஓ போன்ற நிரல் வேண்டும். விண்டோஸில் படம் இருக்கும் .dat ஃபைலை நேராகக் காப்பி செய்தாலும் வந்துவிடும், விஎல்சி அதை ஓட்டும். படம் எம்பெக்-1 என்ற பழைய வீடியோ வடிவம், இன்றைய திரையில் மங்கலாகத்தான் தெரியும். அதை மாற்றிச் "சரிசெய்ய" நான் போகவில்லை, இருப்பதை இருந்தபடி வைத்தேன்.

பாட்டு சிடிக்கும் இதே சங்கதி. அதில் ஃபைலே கிடையாது, 2352 பைட்டும் ஒலிதான், தகவல் சிடியின் மேலதிகப் பிழைதிருத்தம் இல்லை. படிக்க முடியாத இடத்தில் டிரைவ் சத்தமில்லாமல் ஒட்டுப்போட்டுவிடும், நமக்குத் தெரியாது. சிடிபாரனோயா, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற நிரல்கள் ஒரே இடத்தைப் பலமுறை படித்து ஒப்பிட்டுப் பார்ப்பது அதனால்தான்.

இன்னொன்று, கேம்கார்டரில் பதிந்த 8 சென்டிமீட்டர் குட்டி டிவிடி-ஆர். எந்த டிரைவில் போட்டாலும் வெற்று வட்டு என்றே காட்டியது. ஆனால் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால், எழுதிய பகுதி வேறு நிழலில் தெளிவாகத் தெரிந்தது. எழுதி முடித்து மூடாமல், அதாவது ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி "வெற்று" வட்டைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ. கேமரா இன்னும் அலமாரியில் இருந்தது. பேட்டரி செத்துவிட்டது, அடாப்டரில் ஓடியது. மெனுவில் ஃபைனலைஸ் கொடுத்ததும் ஏழெட்டு நிமிடம் ஓடி முடித்தது. அதன்பின் எல்லா டிரைவிலும் படித்தது. ஒரு எச்சரிக்கை: டிரே இல்லாமல் வாய் மட்டும் உள்ள டிரைவில் குட்டி வட்டைத் தள்ளிவிடாதீர்கள், உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இப்படி எல்லாம் சேர்த்து, இரட்டிப்பாக இருந்தவற்றைக் கழித்து, 61 ஜிபி வந்தது. முழுவதும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் போனது. அதில் நாங்கள் எந்த விலை கொடுத்தும் இழக்கக் கூடாதது அப்பாவின் குரலும் குடும்பப் படங்களும், சேர்ந்து 18 ஜிபி. அதை மட்டும் மறுபடி வட்டிலும் எழுத நினைத்தேன். தம்பி கேட்டான், "இவ்வளவு பட்ட பிறகும் வட்டா, அக்கா?" என் பதில் இதுதான்: ஒருமுறை எழுதிய வட்டைத் தவறுதலாக அழிக்க முடியாது, வைரஸ் வந்து மாற்ற முடியாது, கீழே போட்டால் அதில் உடைய மோட்டார் இல்லை. ஹார்ட் டிஸ்க் கெடும் காரணங்கள் வேறு, வட்டு கெடும் காரணங்கள் வேறு. இரண்டும் ஒரே நாளில் போகும் வாய்ப்பு குறைவு.

எந்த வட்டு என்று யோசித்தேன். டிவிடி என்றால் ஒன்றில் 4.7 ஜிபிதான், நான்கைந்து ஆகும். ப்ளூரே-ஆர் ஒன்றில் 25 ஜிபி. அதோடு, சாதாரண ப்ளூரே-ஆர் வட்டுகளில் சாயத்துக்குப் பதில் கனிமப் படலம் இருக்கிறது, வெளிச்சத்தால் சாயம்போல் கெடாது. எல்டிஎச் என்று உறையில் போட்டிருந்தால் மட்டும் அது சாய வகை, அதைத் தவிர்த்தேன். எம்-டிஸ்க் என்று ஒன்றும் உண்டு, 1000 ஆண்டு தாங்கும் என்று அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் படிக்க டிரைவ் வேண்டுமே. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியோடு எழுதும் ப்ளூரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் இன்னும் செய்கிறார்கள், ஆனால் போகும் திசை தெரிகிறது. அதனால் வட்டு எத்தனை ஆண்டு என்பதைவிட, ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் வேறு ஊடகத்துக்கு மாற்றுவதைத்தான் நம்புகிறேன்.

எழுதும் முன் மூன்று வேலைகள் செய்தேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 செக்சம் (ஃபைலில் ஒரு பைட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற எண்) எடுத்து, ஒரு எளிய உரைக் கோப்பாக வட்டிலேயே சேர்த்தேன். பிறகு பார்2 என்ற நிரலால் 20 சதவீதம் மீட்புத் தகவல் உருவாக்கினேன். எங்கே பழுது வந்தாலும், அந்த அளவுக்குள் இருந்தால் ஃபைலை முழுதாகத் திருப்பிக் கட்டிவிடலாம். 18 ஜிபி 21.6 ஆனது, 25-க்குள் அடங்கியது. அன்று சிடியில் இது இருந்திருந்தால் அந்த 9 செக்டரும் திரும்பக் கிடைத்திருக்கும்.

மூன்றாவது, பெயர்கள். பழைய சிடிகளில் பெயர்களை எட்டு எழுத்துக்கு வெட்டிப் போட்டிருந்தார்கள், வட்டில் ஃபைல்களை அடுக்கும் ஐஎஸ்ஓ 9660 என்ற முறையின் பழைய விதி அது. ஜோலியட் முறை வந்தபிறகு தமிழில் பெயர் வைக்க முடிந்தது, ஆனால் 64 குறிகளுக்குள். நம் எழுத்தில் இது சட்டென்று தீர்ந்துவிடும், ஏனென்றால் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. "பெரியப்பா" என்பது நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது. நான் யுடிஎஃப் முறையில் எழுதினேன். அதில் இரு மடங்கு நீளம் வைக்கலாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலும் போகும்.

எழுதும் வேகத்தில் ஒரு பாடம் கிடைத்தது, ப்ளூரேயில் இல்லை, டிவிடியில். ப்ளூரே டிரைவ் இல்லாத உறவினருக்காகப் படங்களில் கொஞ்சத்தை ஒரு டிவிடியில், 16 மடங்கு வேகத்தில் எழுதினேன். எழுதிய டிரைவிலேயே சரிபார்த்தபோது எல்லாம் சரி. அதே வட்டை மெலிந்த டிரைவில் போட்டுச் செக்சம் பார்த்தால், கடைசி நான்கு ஃபைல்கள் தவறு. கடைசி ஃபைல்கள் என்றால் வெளிவிளிம்பு. அந்த வேகத்தில் டிரைவ் உள்ளே மெதுவாகத் தொடங்கி, விளிம்பில்தான் முழு 16 மடங்கைத் தொடும். எழுத்தின் தரம் அங்கே சரிந்திருக்கிறது. எழுதிய டிரைவ் தன் கையெழுத்தைத் தானே படித்துவிட்டது, மற்றதால் முடியவில்லை. அதே கட்டிலிருந்து இன்னொரு வட்டை 8 மடங்கில் எழுதினேன், மூன்று டிரைவிலும் சுத்தமாகப் படித்தது. அதற்காக ஆகக் குறைந்த வேகத்துக்குப் போகவும் வேண்டாம். வேகமான வட்டுக்கென்று செய்த படலம் மிக மெதுவான எழுத்தை விரும்பாமலும் போகலாம். நடுவாந்தரமே நல்லது. ப்ளூரேயை 4 மடங்கில் எழுதினேன், விநாடிக்கு 18 எம்பி, 20 நிமிடம் போலப் பிடித்தது. எழுதும் நேரத்தில் கணினியை வேறு எதற்கும் தொடவில்லை.

அன்றிலிருந்து, எழுதிய டிரைவைத் தவிர இன்னொன்றில் படித்துப் பார்க்காத எந்த வட்டையும் நான் பிரதி என்று எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ப்ளூரேக்கு எங்களிடம் ஒரே டிரைவ்தான். ஆகவே தம்பியின் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, அவர் கணினியில் செக்சம் ஓட்டச் சொன்னோம். எல்லாம் பொருந்தியது என்று செய்தி வந்த பிறகுதான் நிம்மதி.

இரண்டு பிரதிகள், இரண்டு வேறு நிறுவனங்களின் வட்டுகளில். ஒரே கட்டில் வாங்கியவை ஒரே குறையோடு இருக்கலாம். ஒன்று என்னிடம், ஒன்று தம்பி வீட்டில். பெயரை நடுவில் உள்ள தெளிந்த வளையத்தில் மட்டும், நீரில் கரையும் மையுள்ள வட்டுக்கான பேனாவால் எழுதினேன். தனித்தனிக் கெட்டி உறை, செங்குத்தாக, வெளிச்சம் படாத உலர்ந்த அலமாரியில். உறைக்குள் ஒரு தாளில் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் எழுதியது, எந்த டிரைவ்களில் சரிபார்த்தது என்று குறிப்பு.

அப்பாவின் பழைய சிடியைத் தூக்கிப் போடவில்லை. அதன் இமேஜும் மேப் ஃபைலும் தனியாக இருக்கின்றன. மேப்பில் இன்னும் 9 செக்டர்கள் கிடைக்காதவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன. போன வாரம் தம்பி தன் அலுவலக நண்பரிடம் ஒரு பழைய முழு அளவு சிடி ரைட்டர் இருப்பதாகச் சொன்னான். அதற்கேற்ற ஐடிஇ என்ற பழைய வகைக் கேபிளையும் அடாப்டரையும் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்த "ஓடினேன்" முழுதாகக் கேட்குமா என்று பார்க்க வேண்டும்.